கால் முன்னே போகுமா, பக்கத்தில் நிற்குமா? டென்னிஸில் நியூட்ரல், ஓபன் ஸ்டான்ஸ் பழகும் முறை

சேலத்தில் ஒரு சிமென்ட் கோர்ட்டில் புதிதாக ரேக்கெட் பிடிப்பவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விதமான அறிவுரை காதில் விழும். வயதில் மூத்தவர், "பக்கவாட்டுல திரும்பு, இடது காலை முன்னால வெச்சு அடி" என்பார். டிவியில் ஆட்டம் பார்க்கும் இளவட்டம், "இப்பல்லாம் யாரு அப்படி அடிக்கறாங்க, நெட்டைப் பார்த்து நின்னே அடிங்கண்ணா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் பந்துக்குச் சரி. எந்தப் பந்து வந்தால் எதைச் செய்வது என்பதைத்தான் இருவரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வருபவர் தடுமாறுவது அங்கேதான்.

மூத்தவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். மர ரேக்கெட்டோ கனமானது, தலை சிறியது. முன்னே ஒரு எட்டு வைத்து, உடல் எடையைப் பந்துக்குள் செலுத்தி, தட்டையாக அடிப்பதுதான் அந்தத் தரைக்கும் அந்த ரேக்கெட்டுக்கும் ஒத்துவந்தது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விம்பிள்டன் அரையிறுதி வரை போனதும் அந்தப் புல்தரையில்தான். பிறகு கிராஃபைட் ரேக்கெட் வந்தது, சிமென்ட் கோர்ட்டுகள் பெருகின, பந்தைக் கீழிருந்து மேலாக உரசி முன்பக்கமாகச் சுழலவிடும் டாப்ஸ்பின் கூடியது. இடுப்பு உயரத்தில் வந்துகொண்டிருந்த பந்து தோள் உயரத்துக்கு எழும்பத் தொடங்கியது, வேகமும் கூடியது. எட்டு வைத்து அடிக்க நேரம் போதாமல் போனதால் ஓபன் ஸ்டான்ஸ் பெருகியது.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்

ஸ்டான்ஸ் என்பது பந்தை அடிக்கும் நேரத்தில் இரண்டு பாதங்களும் இருக்கும் நிலை. இதைப் புரிந்துகொள்ள வீட்டு மொட்டை மாடியும் ஒரு சாக்பீஸும் போதும். தரையில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் போல எண்களை எழுதுங்கள். 12 மணி இருக்கும் பக்கம் நெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரரின் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடிக்கு, வலது பாதத்தைக் கடிகாரத்தின் நடுவில் வையுங்கள். இனி இடது பாதம் எந்த எண்ணில் இருக்கிறதோ அதுதான் ஸ்டான்ஸின் பெயரைத் தீர்மானிக்கும்.

இடது பாதம் 9-இல் இருந்தால் ஓபன் ஸ்டான்ஸ். இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோடு பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டுக்கு, இணையாக ஓடும். 10-க்கும் 11-க்கும் நடுவில் இருந்தால் செமி ஓபன். 12-இல் இருந்தால் நியூட்ரல். இங்கே அந்தக் கோடு நேராக நெட்டைக் காட்டும். 1 அல்லது 2-ஐத் தாண்டி வலப்பக்கம் குறுக்கே போய்விட்டால் அது க்ளோஸ்டு ஸ்டான்ஸ். இடக்கைக்காரர்கள் இடது பாதத்தை நடுவில் வைத்து, எண்களைக் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளலாம்: 3 ஓபன், 12 நியூட்ரல். இனி வருவதெல்லாம் வலக்கைக்காரருக்கு எழுதியது.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்னதில் தோளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஏனென்றால் பாதம் எந்த எண்ணில் இருந்தாலும் தோள் திரும்பியே ஆக வேண்டும். ஓபன் ஸ்டான்ஸ் என்றால் நெஞ்சை நெட்டுக்குக் காட்டிக்கொண்டு அடிப்பது என்று நினைப்பதால்தான் இதைப் பழகுபவர்களில் பலர் கையால் மட்டும் அடித்து, முழங்கை வலியோடு வீட்டுக்குப் போகிறார்கள். திறந்திருப்பது பாதங்கள் மட்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான தொடக்கம்

எதிராளியின் ரேக்கெட்டில் பந்து படும் நேரத்தில் நீங்கள் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, இரண்டு முன்பாதங்களிலும் இறங்க வேண்டும். இதுதான் ஸ்ப்ளிட் ஸ்டெப். தரையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பினால் போதும். உயரக் குதித்தால் காற்றில் இருக்கும்போதே பந்து வந்துவிடும். பாதங்கள் தோளைவிடச் சற்று அகலமாக, முழங்கால் தளர்வாக இருக்கட்டும்.

பந்து வலப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் நகர வேண்டியது வலது கால். அதன் விரல்கள் வெளிப்பக்கம் திரும்ப, தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும். அந்த நேரத்தில் இடது கை ரேக்கெட்டின் கழுத்தை விட்டுவிடக் கூடாது. இரண்டு கையும் ரேக்கெட்டில் இருக்கும்போது தோள் தானாகத் திரும்பிவிடும். வலது கையை மட்டும் பின்னால் இழுத்தால் தோள் அசையாது. திரும்பி முடித்ததும் இடது கையை விட்டு, பேஸ்லைனுக்கு இணையாக நெஞ்சுக்கு முன் நீட்டுங்கள். மோவாய் இடது தோளுக்கு மேல் வந்திருந்தால் போதுமான அளவு திரும்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

இவ்வளவும், பந்து உங்கள் பக்கத்தில் தரையில் குத்துவதற்குள் முடிந்திருக்க வேண்டும். இங்கே தாமதமானால் அதற்குப் பின் எந்த ஸ்டான்ஸில் நின்றாலும் பயனில்லை. நண்பரிடம் செல்போனைக் கொடுத்து உங்களுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். பந்து தரையில் குத்தும் கணத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். முதுகின் வலப்பாதி நெட்டுக்கு எதிர்ப்பக்கமாக விலகியிருந்தால் தோள் திரும்பிவிட்டது. முதுகு முழுவதும் தட்டையாகத் தெரிந்தால் திரும்பவில்லை.

முதலில் நியூட்ரல்

தொடக்கக்காரர் நியூட்ரலில் ஆரம்பிப்பதே நல்லது. உடல் எடை பின்காலிலிருந்து முன்காலுக்குப் போவது எப்படி இருக்கும் என்பதை உடம்பு இதில்தான் எளிதாக உணர்கிறது. எடை எங்கே போகிறது என்று தெரியாதவரிடம் ஓபன் ஸ்டான்ஸைக் கொடுத்தால் கைவீச்சு மட்டுமே மிஞ்சும்.

1. ஸ்ப்ளிட் ஸ்டெப், தோள் திரும்பல். வலது பாதம் 3 மணியைப் பார்த்திருக்கட்டும்.

2. எடை முழுவதும் வலது காலில் இறங்கட்டும். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு கணம் நின்று, இடது காலைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எடை சரியாக இறங்கியிருக்கிறது.

3. இடது காலை 12 மணிப் பக்கம் எடுத்து வையுங்கள். இரண்டு பாதங்களுக்கும் இடையே தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி. குதிகால் முதலில் பட்டு, பிறகு பாதம் முழுவதும் படியட்டும். விரல்கள் 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் பார்க்கலாம்; 3 மணியைப் பார்த்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும்.

4. கால் தரையில் படிந்த பிறகுதான் ரேக்கெட் முன்னே வர வேண்டும். வரிசை முக்கியம்: கால், இடுப்பு, தோள், கை.

5. முன்காலுக்கு ஒரு சாண் முன்னே, இடுப்பு உயரத்தில் பந்தைச் சந்தியுங்கள். பந்துக்கும் உடலுக்கும் இடையே கை தாராளமாகப் போக இடம் இருக்கட்டும்.

6. முடிக்கும்போது பின்காலின் குதிகால் தூக்கி, விரல் நுனி மட்டும் தரையில் இருக்கும். அடித்த நிலையில் இரண்டு நொடி சிலை போல நில்லுங்கள். தள்ளாடினால் பந்துக்கு மிக அருகில் போய்விட்டீர்கள், அல்லது இடது கால் குறுக்கே போய்விட்டது.

அடுத்து, பின்னால் இருந்த வலது கால் சுற்றி வந்து முன்காலுக்கு இணையாக நிற்க வேண்டும். அப்போதுதான் மறுபடி நடுவுக்குத் திரும்பலாம். இந்த ஓர் எட்டுதான் நியூட்ரல் ஸ்டான்ஸுக்குக் கொடுக்கும் விலை. பேஸ்லைனின் நடுவில் நின்று அடிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. சைட்லைன் ஓரம் போய் அடித்தால் தெரியும். ஒற்றையர் கோர்ட் 8.23 மீட்டர் அகலம். ஓரத்துக்குப் போனவர் நடுவுக்கு வர நான்கு மீட்டர் ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு முன் ஒரு எட்டு வீணானால் எதிராளி காலி இடத்தில் தட்டிவிட்டுப் போய்விடுவார்.

நியூட்ரலில் பெரும்பாலும் தப்பு நடப்பது இடது கால் வைக்கும் இடத்தில்தான். பந்து வலப்பக்கம் தள்ளிப் போகப் போக, இடது காலும் அதைத் துரத்திக்கொண்டு 2 மணிக்கும் 3 மணிக்கும் போகும். அப்போது இடது இடுப்பு வலது இடுப்புக்குக் குறுக்கே மதில் போல நின்றுவிடும். உடல் சுழல இடமில்லாமல் கை மட்டும் வரும். பந்து வலப்பக்கமாகவே பிய்த்துக்கொண்டு போகும், அல்லது நெட்டில் விழும். இதைத் திருத்த இடது காலைத் திட்டிப் பயனில்லை. வலது கால் பந்துக்குப் பின்னால் போய் நிற்காததுதான் காரணம். சின்னச் சின்ன எட்டுகளாக வைத்து வலது காலைப் பந்தின் கோட்டுக்கு அருகில் கொண்டுபோனால் இடது காலுக்கு 12-இல் இடம் தானாகக் கிடைக்கும்.

ஓபன் ஸ்டான்ஸ்

இங்கே முன்னே எட்டு வைக்க முடியாது. எனவே வேகம் சுழற்சியிலிருந்தும், தரையைக் காலால் தள்ளுவதிலிருந்தும் வர வேண்டும். வலது கால்தான் இயந்திரம்.

1. ஸ்ப்ளிட் ஸ்டெப் முடிந்து இறங்கியதும் வலது கால் பந்தின் பக்கமாக, அதாவது 3 மணிப் பக்கமாக, அகலமாகப் போய் ஊன்றட்டும். விரல்கள் 2 மணியைப் பார்க்கட்டும். 12 மணியைப் பார்த்தபடி ஊன்றினால், இடுப்பு திரும்பும்போது முழங்காலின் உட்பக்கம் முறுக்கப்படும்.

2. தோளை நன்றாகத் திருப்புங்கள், நியூட்ரலில் திருப்பியதைவிட அதிகமாக. இங்கே கால்கள் நெட்டைப் பார்த்திருப்பதால், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே முறுக்கு ஏறும். வயிற்றின் பக்கவாட்டுத் தசையில் இழுவை தெரிய வேண்டும். அந்த முறுக்கு அவிழ்வதுதான் அடியின் வேகம்.

3. உடல் எடையின் பெரும்பங்கு வலது காலில். முழங்கால் மடங்கி, வலது தொடையும் பின்னிடுப்பும் சுமையைத் தாங்குவது தெரிய வேண்டும். முழங்கால் பாத விரல்களுக்கு நேராக இருக்கட்டும். உள்பக்கம் சாயக் கூடாது.

4. தரையை வலது காலால் மேல்நோக்கித் தள்ளுங்கள். வலது இடுப்பு முதலில் முன்னே வரும், தோள் பின்தொடரும், கை கடைசி.

5. பந்தை உடலுக்கு முன்னே, வலது பக்கத்தில் சந்தியுங்கள். உடலுக்குப் பக்கவாட்டிலேயே பந்து வந்துவிட்டால் தாமதம்.

6. முடிக்கும்போது வலது தோள் நெட்டைக் காட்ட வேண்டும். குதிகால்கள் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பலமாக அடித்தால் உடல் லேசாக எழும்பி, வலது கால் முன்னே சுற்றி வந்து இறங்கும். அந்த இறங்கலே நடுவுக்கு ஓடுவதற்கான முதல் எட்டு.

செமி ஓபன் இதே வரிசைதான். இடது கால் 10-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கும். ஃபோர்ஹேண்டில் கொஞ்சம் பழகிய பிறகு உங்கள் ஆட்டத்தின் பெரும்பகுதி இதில்தான் போகும். முன்னே கொஞ்சம் எடையும் கொடுக்கலாம், சுழலவும் இடம் உண்டு.

சுழற்சி வருகிறதா, கை மட்டும் வருகிறதா என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பையில் இரண்டு கிலோ மணலோ அரிசியோ போட்டு, பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓபன் ஸ்டான்ஸில் நின்று பையை வலப்பக்கம் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி முன்னே வீசுங்கள், கையை விடாமல். இடுப்பு முதலில் திரும்பினால் பை பின்னால் தங்கி, பிறகு தானாக வட்டமடித்து வரும். கையால் இழுத்தால் பை தொடையில் வந்து முட்டும். பத்துப் பத்தாக இரண்டு முறை செய்தாலே இடுப்பு எங்கே தொடங்குகிறது என்பது பிடிபட்டுவிடும். சுற்றிலும் ஆளோ கண்ணாடியோ இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

ஓபன் ஸ்டான்ஸில் வரும் கோளாறுகள்

பந்து பேஸ்லைனைத் தாண்டிப் பறக்கிறதா? பெரும்பாலும் அடிக்கும்போது உடல் பின்னால் சாய்கிறது. வலது காலில் எடை வைக்கச் சொன்னதைப் பலர் வலது குதிகாலில் சாய்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். எடை முன்பாதத்தின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும்.

பந்து இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு வெளியே போகிறதா? தோள் சீக்கிரம் அவிழ்ந்துவிட்டது. நீட்டிய இடது கையை இடப்பக்கமாக வீசி எறிவதால் இது நடக்கும். இடது கையை மடக்கி விலாவுக்கு அருகில் வையுங்கள். தோள் சரியான இடத்தில் நிற்கும்.

அடியில் வேகமே இல்லையென்றால் முழங்காலைப் பாருங்கள். கால் நீட்டியிருந்தால் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மடங்கியிருந்தும் வேகம் வரவில்லை என்றால் தோள் திரும்பவில்லை.

முழங்காலின் உட்பக்கமோ இடுப்பின் முன்பக்கமோ வலித்தால் அன்றைக்கு ஓபன் ஸ்டான்ஸை நிறுத்திவிடுங்கள். சிமென்ட் தரையில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடல் சுழலும். நடுவில் மாட்டுவது முழங்கால்தான். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் பாதம் திரும்பவிட்டால் முறுக்கு குறையும். ஷூ விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஓடுவதற்கான ஷூவின் அடிப்பகுதி தடிமனாக, மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் ஊன்றும்போது கணுக்கால் புரண்டுவிடும். டென்னிஸுக்கென்று விற்கும், அடிப்பகுதி தட்டையான, பக்கவாட்டில் விறைப்பான ஷூவை வாங்குங்கள். வலி மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தப் பந்துக்கு எது?

பந்துதான் முடிவு செய்யும். நேரம் இருக்கிறதா, பந்து எவ்வளவு உயரம், அடித்த பிறகு எங்கே போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் கால் தானாக அமையும்.

சர்வீஸ் லைனுக்கு (நெட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே குறுக்கே ஓடும் கோடு) அருகில் குட்டையாக விழும் பந்துக்கு நியூட்ரல். அதை அடிக்க எப்படியும் முன்னே ஓடுகிறீர்கள். கடைசி எட்டு 12 மணிப் பக்கம் விழட்டும், அடித்துவிட்டு அப்படியே நெட்டுக்குப் போய்விடலாம். முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து வரும் பந்துக்கும் நியூட்ரல்தான் வசதி. ஒரு கால் முன்னால் இருந்தால் இரண்டு முழங்காலையும் மடக்கித் தாழ முடியும். ஓபனில் நின்று அதே பந்தை எடுக்கப் பார்த்தால் முதுகுதான் வளையும்.

நெஞ்சுக்கு மேல் எழும்பும் பந்துக்கு ஓபன் அல்லது செமி ஓபன். ஓரத்துக்கு ஓடிப்போய் எடுக்கும் பந்துக்கும் அதுவே: வலது காலை ஊன்றினால் ஓட்டமும் அங்கேயே நிற்கும், அதே காலால் தள்ளி நடுவுக்குத் திரும்பவும் முடியும். உடம்பை நோக்கி நேராக வரும் பந்துக்கு இடது காலைப் பின்னுக்கு இழுத்து ஓபனாக்கிக்கொண்டால்தான் கை வீச இடம் கிடைக்கும். வேகமான சர்வீஸை ரிட்டர்ன் செய்யும்போதும் எட்டு வைக்க நேரம் இருக்காது. தோளை மட்டும் அரைவாசி திருப்பி, சின்ன வீச்சோடு ஓபனில் தடுத்துத் திருப்புங்கள்.

க்ளோஸ்டு ஸ்டான்ஸ் தப்பு என்று சொல்வதில்லை. எட்டாத பந்தை எட்டிப் பிடிக்கும் கடைசி நேரத்தில் கால் எங்கே போகிறதோ போகட்டும். நேரம் இருக்கும்போது அதில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கிரிப்பும், அதாவது கைப்பிடியைப் பிடிக்கும் விதமும், இதோடு பேச வேண்டிய விஷயம். ரேக்கெட் முகத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே கைப்பிடிக்கு இறக்கிப் பிடித்தால் வருவது ஈஸ்டர்ன் கிரிப்; இது நியூட்ரலோடு நன்றாகப் பொருந்தும். அதிலிருந்து உள்ளங்கையைக் கைப்பிடியின் பட்டைகளில் ஒரு பட்டை கீழே நகர்த்தினால் செமி வெஸ்டர்ன். இதில் பந்தை இன்னும் முன்னாலும் உயரத்திலும் சந்திக்க வேண்டியிருப்பதால் ஓபன் ஸ்டான்ஸோடு ஒத்துப்போகும். கிரிப்பை மாற்றாமல் ஸ்டான்ஸை மட்டும் மாற்றி, "எனக்கு ஓபன் வரவே மாட்டேங்குது" என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

பேக்ஹேண்ட்

இடப்பக்கம் வரும் பந்தை அடிப்பது பேக்ஹேண்ட். இரண்டு கை பேக்ஹேண்டில் இடது கால்தான் வெளிக்கால், அதாவது பந்து வரும் பக்கத்துக் கால். அதைக் கடிகாரத்தின் நடுவில் வைத்து, வலது கால் 12-இல் வந்தால் நியூட்ரல், 3-இல் நின்றால் ஓபன். நியூட்ரலில் ஆறு வாரமாவது அடித்துவிட்டு ஓபனுக்குப் போங்கள். இடது கை நன்றாகத் தள்ளக் கற்றுக்கொண்ட பிறகே ஓபன் வரும். அதற்கு முன் போனால் பந்து நெட்டில்தான் நிற்கும். ஓரத்துப் பந்தை ஓபன் ஸ்டான்ஸ் பேக்ஹேண்டில் எடுத்துத் திருப்புவதை செர்பிய வீரர் ஜோகோவிச் ஆட்டத்தில் மெதுவாக்கிப் பாருங்கள். இடது கால் ஊன்றும் இடத்தையும், ஊன்றிய பிறகும் தலை ஆடாமல் இருப்பதையும் கவனித்தால் போதும்.

ஒற்றைக் கை பேக்ஹேண்டில் அடிக்கும் தோளே முன் தோள். எனவே நியூட்ரல், அல்லது வலது கால் சற்றே குறுக்கே போன நிலை. ஓபனில் நின்றால் அந்தத் தோளுக்குப் பின்னால் இருந்து தள்ள ஆள் இல்லை. பந்தின் அடிப்பக்கத்தை வெட்டுவது போல அடிக்கும் ஸ்லைஸுக்கும் இதே கணக்கு.

பழகும் வரிசை

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு வாரத்தில் ஃபோர்ஹேண்டில் இரண்டு ஸ்டான்ஸும் பந்தோடு பழக்கமாகும்.

முதல் வாரம் பந்தை நண்பர் கையிலிருந்து விடட்டும். அவர் உங்கள் வலப்பக்கம், ரேக்கெட் வீச்சுக்கு எட்டாத தொலைவில், சற்று முன்னே நின்று பந்தை மெதுவாகப் போட, நீங்கள் நியூட்ரலில் அடிக்கிறீர்கள். இருபது பந்துக்கு ஒரு சுற்று, மூன்று சுற்று. இருபதில் பதினான்கு பந்து எதிர்ப் பக்கத்தில் சர்வீஸ் லைனைத் தாண்டிக் கோர்ட்டுக்குள் விழும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். அவசரப்பட்டால் மூன்றாம் வாரத்தில் மறுபடி இங்கேயே திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாம் வாரம் நண்பர் அதே பக்கத்துச் சர்வீஸ் லைனில், உங்களைப் பார்த்து ஓரமாக நின்று, கையால் உருட்டிப் போடுவது போலப் பந்தைத் தரட்டும். பத்துப் பந்து உங்களுக்கு முன்னே குட்டையாக, நியூட்ரலுக்கு. பத்துப் பந்து வலப்பக்கம் மூன்று எட்டுத் தள்ளி, ஓபனுக்கு. ஒவ்வொரு ஓபன் அடிக்குப் பிறகும் நடுவில் வைத்த கோனைத் தொட்டுவிட்டு வாருங்கள். கோன் இல்லையென்றால் தண்ணீர் பாட்டில் போதும்.

மூன்றாம் வாரத்தில் வரிசையைக் கலைத்துவிடுங்கள். குட்டையா, அகலமா என்று நண்பர் சொல்லக் கூடாது. கால் எதை எடுக்கிறது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முதலில் பாதிப் பந்து தப்பும். பதற வேண்டாம்; கால் தேர்வு செய்யக் கற்றுக்கொள்வது இந்த வாரத்தில்தான். நான்காம் வாரம் நெட்டின் இரு பக்கமும் நின்று நிதானமாக ரேலி ஆடலாம், அதாவது பந்தை மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆள் கிடைக்காத நாளில் சுவர் இருக்கிறது. ஏழு மீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். ஒரே குத்தில் எடுத்தால் பந்து சட்டென்று வந்துவிடும், கால் தானாக ஓபனுக்குப் போகும். இரண்டு குத்து விட்டு எடுத்தால் எட்டு வைக்க நேரம் கிடைக்கும், அது நியூட்ரலுக்கு. நெட்டின் நடுப்பகுதி 91.4 சென்டிமீட்டர் உயரம். சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே இரண்டு, மூன்று அடியில் அடிக்கப் பாருங்கள்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மஞ்சள் பந்து வேண்டாம். அது அவர்கள் தலைக்கு மேல் எழும்பும். பாவம், பின்னால் சாய்ந்து கையைத் தூக்கி அடிக்கப் பழகிவிடுவார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல், பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. அந்தப் பந்து இடுப்பு உயரத்தில் வரும்போது குழந்தைக்கு இரண்டு ஸ்டான்ஸும் ஒழுங்காக அமையும்.

கீழே சேலம், மேலே ஏற்காடு

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் கிடந்த சிமென்ட்டில் பந்து நன்றாக எழும்பும். சூட்டில் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் கூடுவதும், ரப்பர் இளகுவதும் காரணம். காலை ஆறு மணிக்கு இடுப்பு உயரத்தில் வந்த பந்து பத்து மணிக்கு அதைவிட உயரமாக வரும். அதே கோர்ட், அதே ஆள், வேறு ஸ்டான்ஸ். பழகும் மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் பந்தும் சீராக வரும், உடம்புக்கும் நல்லது.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கதையே மாறும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. வெளி அழுத்தம் குறைவதால் டப்பாவிலிருந்து எடுத்த புதுப் பந்து விறைத்துக்கொண்டு அதிகம் எழும்பும். காற்று லேசாக இருப்பதால் பறக்கும்போது வேகமும் அவ்வளவாகக் குறையாது. சேலத்தில் பேஸ்லைனுக்கு உள்ளே விழுந்த அதே அடி அங்கே வெளியே போகும். டென்னிஸ் விதிகளே 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று எழுச்சி குறைந்த தனிப் பந்தை வைத்திருக்கின்றன; டப்பாவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்று அச்சடித்திருக்கும். அழுத்தமே இல்லாத ஒரு வகைப் பந்துக்கும் விதியில் இடம் உண்டு. அதை ஆடும் உயரத்திலேயே குறைந்தது 60 நாள் வைத்திருந்து எடுக்க வேண்டும். இவை கிடைக்காதபோது, பழக்கத்துக்கு, டப்பா திறந்து ஒன்றிரண்டு வாரம் ஆன பந்துகளை மேலே எடுத்துப் போங்கள். காற்று இறங்கிய பந்து மலைக்கு ஓரளவு பொருந்தும்.

மலையில் பந்து சீக்கிரம் வந்து உயரத்தில் எழும்புவதால் எட்டு வைக்க நேரம் சுருங்கும். பேஸ்லைனுக்கு ஓர் எட்டுப் பின்னால் நில்லுங்கள், பின்வீச்சைப் பாதியாகக் குறையுங்கள், செமி ஓபனை அதிகம் பயன்படுத்துங்கள். அடிக்கடி மேலே ஆடுகிறவர்கள் ரேக்கெட் நரம்பின் இழுவையை இரண்டு, மூன்று பவுண்டு கூட்டிக் கட்டினால் பந்து கட்டுக்குள் வரும்.

பனி இறங்கிய நாளில் இன்னொரு எச்சரிக்கை. மூடுபனியில் சிமென்ட் ஈரமாகி வழுக்கும். கோர்ட்டை ஒட்டி சில்வர் ஓக் மரங்கள் இருந்தால் நனைந்த இலை ஷூவுக்கு அடியில் சறுக்கும். ஓபன் ஸ்டான்ஸில் எடையின் பெரும்பங்கு ஒரு காலில் இறங்குவதால் அந்தக் கால் வழுக்கினால் விழுவது நிச்சயம். தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை ஈரமானால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு ஆடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு நின்ற இடத்திலேயே தோள் திருப்பும் பழக்கத்தை மட்டும் செய்துவிட்டு இறங்குங்கள். ஈரம் குடித்த பந்து கனத்து, மேல் ரோமம் உப்பி, எழும்பாமல் கிடக்கும். அதை அடித்து மணிக்கட்டை நோகடித்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் காயவைத்த பிறகும் அது பழைய நிலைக்கு முழுமையாக வராது. அவற்றைச் சுவரில் அடிப்பதற்கென்று தனிப் பையில் போட்டுவிடுங்கள்.